கழுத்துக் கருமை அழுக்கு இல்லை... தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வீட்டுப் பின்கட்டில் எண்ணெய்க் குளியல். 13 வயது மகளைக் குனிய வைத்து, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. சீயக்காய் நுரைக்கு நடுவே நாரின் சரசரப்பு. "எரியுதும்மா, விடும்மா" என்று பிள்ளை நெளிகிறாள். "பள்ளிக்கூடத்துல நாலு பேர் பாக்கறாங்கடி. கழுத்துல இவ்ளோ அழுக்க வச்சுக்கிட்டுப் போனா என்னைத்தானே சொல்லுவாங்க?" தண்ணீர் ஊற்றி நுரையைக் கழுவினால் பிடரி செக்கச்செவேலென்று சிவந்திருக்கிறது. அந்தக் கருமை மட்டும் இம்மியும் குறையவில்லை!

குறையவே குறையாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை!

கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த இடத்துத் தோல் வெறுமனே கருத்திருக்காது. கொஞ்சம் தடித்து, வெல்வெட் துணியைத் தொட்டதுபோல இருக்கும். குறுக்கே மெல்லிய மடிப்புக் கோடுகள் ஓடும். பக்கத்திலேயே குட்டிக் குட்டி மருக்கள் தொங்கலாம். மருத்துவர்கள் இதை அக்காந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்கிறார்கள். பிடரி, அக்குள், தொடை இடுக்கு மூன்றும் இதற்குப் பிடித்த இடங்கள். இதை வரவழைப்பது யார் தெரியுமா? சோப்புப் போடாத சோம்பல் இல்லை, இன்சுலின்!

உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. ரத்தத்தில் மிதமிஞ்சி ஓடும் அந்த இன்சுலின், தோல் செல்களையும் தட்டி எழுப்பி "வளர், வளர்" என்று விரட்டுகிறது. தோல் தடிக்கிறது, மடிகிறது, கருமையாகத் தெரிகிறது. அதாவது, சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கழுத்தில் தந்தி வந்துவிடுகிறது! சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். அந்த வாசற்படியில் நிற்பவர்களில் எத்தனை பேர் கழுத்தை நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

இதில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. எடை குறைந்து, ஓட்டமும் நடையும் கூடி, இன்சுலின் தன் அளவுக்கு இறங்கினால் அந்தக் கருமையும் மெல்ல மெல்லத் தானாகவே வெளுக்கிறது. எந்தக் களிம்பும் செய்யாததை மாலை நடை செய்கிறது.

சரி, தேய்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஒல்லியான ஆட்களின் காறை எலும்பு மேலும், முதுகெலும்பு வரிசையிலும், தோள்பட்டையிலும் பழுப்புக் கருமை. எங்கெல்லாம் எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறதோ அங்கெல்லாம்! கேட்டு விசாரித்தால், எல்லோரும் நைலான் துண்டால் தினமும் முதுகு தேய்ப்பவர்கள். அழுக்குப் போகட்டும் என்று தேய்த்தது கருப்பைக் கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டது! நம் ஊர்க் குளியலறைகளில் தொங்கும் நைலான் நாரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கருத்ததென்று இன்னும் அழுத்தித் தேய்க்க, இன்னும் கருக்க, மறுபடி தேய்க்க... இப்படியே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு குடை!

தேய்த்தால் ஏன் கருக்கிறது? இங்கேதான் உண்மையான அதிசயம் இருக்கிறது. தோலின் மேலடுக்கின் அடித்தளத்தில் மெலனோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்டோபஸ் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் இவை, மெலனின் என்ற நிறப்பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியிருக்கும் செல்களுக்கு விநியோகிக்கின்றன. ஒரு மெலனோசைட் சுமார் 36 செல்களைப் பார்த்துக்கொள்கிறது! பொட்டலத்தை வாங்கிய செல் அதை எங்கே வைக்கிறது தெரியுமா? தன் உட்கருவுக்கு நேர் மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்துக் குடை பிடித்ததுபோல! உள்ளேயிருக்கும் மரபுப் பொருளை வெயில் சிதைத்துவிடக் கூடாது என்று உடம்பு எடுத்துக்கொள்ளும் அக்கறை அது.

அடிபட்டாலும், தேய்த்தாலும், பரு வந்து வீங்கினாலும், கொசு கடித்துச் சொறிந்தாலும் மெலனோசைட்டுகளுக்கு அபாயச் சங்கு ஊதியதுபோலத்தான். கூடுதல் குடைகளைத் தயாரித்து அனுப்பிவிடுகின்றன. நாம் கறை என்று கண்ணாடி முன் நின்று அழுகிறோமே, அது தோல் நமக்காகப் பிடித்த குடை!

சிவப்பான ஒருவர் உடம்பிலும் கருப்பான ஒருவர் உடம்பிலும் இந்த மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொன்னால் நம்புவீர்களா? பொட்டலங்களின் அளவும், எத்தனை கட்டுகிறது என்பதும், எப்படி அடுக்குகிறது என்பதும்தான் வித்தியாசம். நம் தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பெண் பார்க்கும் படலத்தில் பேசப்பட்ட அத்தனை பேச்சும் ஒரு பொட்டலக் கணக்குக்காக! 1979-ல் வெளியான ஓர் அளவீடு, கருந்தோலின் மேலடுக்குக்கு இயல்பாகவே 13-க்கு மேல் சன்ஸ்கிரீன் மதிப்பு இருப்பதாகச் சொன்னது. வெள்ளைத் தோலுக்கோ 3 சொச்சம்தான்.

நிறத்தின் மரபணுக்களில் முக்கியமான ஒன்றைக் காட்டிக்கொடுத்தது ஒரு மீன்! நம் நாட்டு ஓடைகளில் வாழும், விரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன். அதில் வரிகள் வெளுத்த ஒரு வகையை ஆராய்ந்தபோது அமெரிக்காவில் கீத் செங் குழுவினர் 2005-ல் கண்டுபிடித்ததுதான் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணு. அதே மரபணுவில் ஓர் எழுத்து மாறியது ஐரோப்பியர்கள் தோல் வெளுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் தெரிந்தது. 2013-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் பங்கெடுத்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தெற்காசியரிடம் இருக்கும் அந்த மாற்றமும் ஐரோப்பியரிடம் இருப்பதும் ஒரே மூதாதையிடமிருந்து இறங்கியவை என்றது. அந்த எழுத்து ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொரு பிள்ளைக்கு வராமல் போகலாம். மாநிறமான அண்ணனும் சிவந்த தம்பியும் ஒரே வயிற்றில் பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலூர் சொன்ன விரல் முட்டி ரகசியம்

விரல் முட்டிகள் மட்டும் கருத்துக்கொண்டே வந்தால்? "பாத்திரம் தேய்க்கிற கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம். ஆனால், அது வைட்டமின் பி12 குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்று உலகுக்குச் சொன்னது நம் வேலூர்! 1963-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர் குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை அது. கை கால் விரல் முட்டிகள், உள்ளங்கை, உள்ளங்கால் என்று கருமை படர்ந்தவர்களுக்கு பி12 கொடுத்ததும் நிறம் திரும்பியது! பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் பி12 கிடைக்கிறது. சுத்த சைவக்காரர்கள், அதிலும் பாலும் தயிரும் குறைத்துக்கொண்ட பெரியவர்கள், விரல் முட்டி கருத்துக் கை கால் மரமரத்துப்போவதாகச் சொன்னால் அவர்களுக்குத் தேவை க்ரீம் இல்லை, ரத்தப் பரிசோதனை.

சிக்குன்குனியா வந்து மூட்டு வலியில் துடித்தவர்களை நம் தெருக்களில் 2006-லிருந்து பார்த்துவருகிறோம். காய்ச்சல் போன சில வாரங்களில் சிலருக்கு மூக்கு மட்டும் கருத்துப்போனதைக் கவனித்திருக்கிறீர்களா? மூக்கு நுனியில் மை தடவியதுபோல இருக்கும். நோய் விட்டுப்போன முத்திரை அது! "மூக்கு ஏன் இப்படி ஆச்சு" என்று பயந்து எதையாவது பூசி எரிச்சலைக் கூட்டிக்கொள்ளாமல் இருந்தாலே போதும். பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில் தானாகவே மங்கிவிடும்.

உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் புதிதாகக் கருத்து, உடம்பும் இளைத்து, எப்போதும் களைப்பு என்றால் அது வேறு கதை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்தபோது தோலின் கருமையும் அவருக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று!

கரும்புள்ளியின் கருப்பு எங்கிருந்து வந்தது?

இப்போது பருவுக்கு வருவோம். மூக்கில் வரும் கரும்புள்ளியைப் பிதுக்கி, "பாத்தியா, எவ்ளோ அழுக்கு" என்கிறோமே, அதுவும் அழுக்கு இல்லை! துவாரத்துக்குள் இறந்த தோல் செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைப்பாகின்றன. வாய் திறந்திருந்தால் அதிலுள்ள மெலனினும் காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும் கருப்பாகத் தெரிகின்றன. வாய் மூடியிருந்தால் அதே அடைப்புதான் வெண்புள்ளி! பத்து முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கரும்புள்ளி போகாத காரணம் இதுதான்.

முகத்திலும் உச்சந்தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன! உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. உள்ளங்கையில் பரு வந்த ஒருவரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

இன்று காலை கண்ணாடியில் திடுக்கென்று முளைத்த பரு நேற்று உருவானது இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக அது தோலுக்குள் தொடங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. அதனால்தான் எந்த நல்ல சிகிச்சைக்கும் 8 முதல் 12 வாரம் பொறுமை வேண்டும். பத்தே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று மருந்தை மாற்றுகிறவர்கள், ரயில் வந்துசேரும் முன்பே நடைமேடையை விட்டுப் போகிறவர்கள்!

பருவில் வாழும் பாக்டீரியாவின் பெயர்கூட மாறிவிட்டது. 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம், இப்போது க்யூட்டிபாக்டீரியம் ஏக்னிஸ். பரு இல்லாத முகத்திலும் இது குடியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அடைப்பும் எண்ணெயும் சேரும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

பருவே இல்லாத ஊர் உண்டா? உண்டு! பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 300 பேர் 15 முதல் 25 வயது இளவட்டங்கள். ஒரே ஒருவருக்குக்கூடப் பரு இல்லை! 2002-ல் வெளியான ஆய்வு இது. அவர்கள் சாப்பிட்டது கிழங்கு, பழம், மீன், தேங்காய். தேங்காயைப் பழிக்கும் பக்கத்து வீட்டு ஆலோசகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மைதா, சர்க்கரை, பொட்டலத் தின்பண்டம் எதுவும் அப்போது அங்கே கிட்டத்தட்ட இல்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள இளைஞர்களுக்கு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பரு குறைந்தது. இங்கேயும் இன்சுலின்தான் மறைவில் நிற்கிறது! கழுத்துக் கருமைக்கும் கன்னத்துப் பருவுக்கும் ஒரே ஆள் சாவி கொடுக்கிறான் என்பதை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேங்காயைச் சாப்பிடுவது வேறு, தேங்காய் எண்ணெயைத் தலையில் வழிய வழிய வைத்து நெற்றிக்கு இறங்க விடுவது வேறு. தலைப்பூச்சுகளால் நெற்றி ஓரத்தில் வரிசையாக வரும் பொடிப் பருக்களை 1970-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தனியாகவே பெயரிட்டு விவரித்தார்கள். முடியோரத்தில் மட்டும் பரு என்றால் எண்ணெயையும் தலையணை உறையையும் முதலில் பாருங்கள். பெண்களுக்குத் தாடையோரமாகப் பரு, கூடவே மாதவிலக்குத் தள்ளிப்போவது, உதட்டு மேல் ரோமம் என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பரிசோதனை வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வியர்க்குரு மாதிரி வருவது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. அதற்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் இன்னும் பெருகும்!

பிதுக்காதீர்கள். தயவுசெய்து பிதுக்காதீர்கள். பிதுக்கும்போது வெளியே வருவதைவிட உள்ளே வெடிப்பது அதிகம். நம் நிறத்துத் தோலில் பரு ஒரு வாரம் இருந்தால் அதன் கருப்பு வடு ஆறு மாதம் இருக்கும். பழுப்பாகத் தெரியும் வடு மேலடுக்கில் இருப்பது. மேலடுக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதால் அது மங்கிவிடும். நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நிறம் ஆழத்தில் இறங்கிவிட்டது. அதற்கு வருடங்கள் பிடிக்கும்.

எலுமிச்சம்பழம் சுடுமா?

சுடும்! முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவிவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்பளித்து, சாறு வழிந்த கோட்டிலேயே கருமை படியும். சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஃப்யூரோகூமரின் என்ற பொருள் வெயிலின் புற ஊதாக் கதிரைப் பிடித்துத் தோல் செல்களைத் தாக்குகிறது. இதில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. மேல்நாட்டு அழகுக் குறிப்புகளில் வரும் மஞ்சள் லெமன் வேறு. புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும் நம் எலுமிச்சை வேறு. நம்முடையது லைம் வகை. அந்தப் பொருள் இந்த வகையில்தான் அதிகம்! ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் அமுதமான பழத்தை முகத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஸ்டிக்கர் பொட்டு எடுத்த இடத்தில் பொட்டு அளவுக்கே வெள்ளை விழுந்த நெற்றியைப் பார்த்திருப்பீர்கள். பசையிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் மெலனோசைட்டுகளைக் கொல்வதால் வருவது அது. சாயம் கலந்த குங்குமம் சிலருக்கு நேர்மாறாகக் கருமையை வைத்துவிட்டுப் போகும். அரித்த அன்றே பொட்டை மாற்றிவிட்டால் பாதி தப்பிக்கலாம்.

தேமல் கொடுத்த மருந்து

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த கதை. தேமல் நமக்கெல்லாம் தெரியும். வியர்வைக் காலத்தில் முதுகிலும் நெஞ்சிலும் வெளிறிய திட்டுகள். மலசீசியா என்ற பூஞ்சைதான் காரணம். இந்தப் பூஞ்சை தோலை எப்படி வெளுக்கவைக்கிறது என்று இத்தாலியில் 1970-களில் நாசரோ-போரோவும் பாஸியும் தேடிப் போனார்கள். பூஞ்சை சுரக்கும் அசிலெயிக் அமிலம், மெலனின் தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் அந்த அமிலத்தையே மருந்தாக்கினால்? ஆக்கினார்கள்! இன்று பருவுக்கும், பரு விட்ட கருவடுவுக்கும், முகத்தில் படரும் மங்குக்கும் மருத்துவர்கள் எழுதும் நல்ல களிம்புகளில் அது ஒன்று. நாம் வெட்கப்பட்டு மறைத்த தேமலிலிருந்து பிறந்த மருந்து!

இன்னொன்று. 1939-ல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த தொழிலாளிகளின் கைகள் வெளுத்துப்போயின. ரப்பர் கெடாமல் இருக்கக் கலந்த ஹைட்ரோகுவினோன் குடும்பத்து ரசாயனம்தான் குற்றவாளி. அந்தக் குடும்பத்திலிருந்துதான் பிறகு கருமை நீக்கும் மருந்துகள் வந்தன. ஒரு தொழிலாளியின் கையைக் கெடுத்தது இன்னொருவர் முகத்துக்கு மருந்தானது.

டிரானெக்சாமிக் அமிலத்தின் கதையோ தற்செயலின் உச்சம்! 1962-ல் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி, பிரசவத்தில் பெருகும் ரத்தத்தை நிறுத்த வேண்டும் என்ற ஏக்கத்தில் கண்டுபிடித்தது அது. 1979-ல் அங்கேயே ஒரு மருத்துவர் தோல் தடிப்புக்காக அதைக் கொடுக்க, நோயாளியின் முகத்திலிருந்த மங்கு வெளுக்கத் தொடங்கியது! ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட மருந்து என்பதால் மருத்துவர் கையால் மட்டுமே வாங்க வேண்டியது இது.

மங்கு என்றாலே பிள்ளை பெற்ற பெண்களின் கன்னமும் நெற்றியும் மேலுதடும் நினைவுக்கு வரும். கர்ப்ப கால ஹார்மோன் தொடங்கிவைக்கிறது, வெளிச்சம் வளர்த்துவிடுகிறது. வெயில் என்று சொல்லாமல் வெளிச்சம் என்று சொன்னேன், கவனியுங்கள்! நம் நிறத் தோலை, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதிகூடக் கருக்கவைக்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயம் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும்.

கண்ணாடி ஜன்னலும் முழுக் காவல் இல்லை. 28 வருடம் லாரி ஓட்டிய அமெரிக்க ஓட்டுநர் ஒருவரின் புகைப்படம் 2012-ல் மருத்துவ இதழில் வந்தது. வலப்பாதி முகத்தைவிட, ஜன்னல் பக்கமான இடப்பாதி இருபது வயது மூத்தது மாதிரி சுருங்கித் தொங்கியது! நம் ஊரில் ஜன்னல் ஓட்டுநருக்கு வலப்பக்கம்.

சன்ஸ்கிரீன் பூசியும் பலனில்லை என்பவர்கள் பெரும்பாலும் பொட்டு வைப்பதுபோல் பூசுகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் டப்பாவில் உள்ள எண்ணைத் தருகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வரும். 30 என்று போட்டது சுமார் 97 சதவீதம், 50 என்று போட்டது சுமார் 98 சதவீதம் தடுக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். குடையும் தொப்பியும் இன்றும் உயர்ந்தவை.

மருந்துக்கடை ட்யூப்

மனம் பதறாமல் எழுத முடியாத பகுதி இது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண், மங்குக்கு ஒரு ட்யூப் வாங்கினாள். மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை. ஒரே வாரத்தில் முகம் பளபளத்தது. தோழிகள் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் கன்னமெல்லாம் நுணுக்கமான சிவப்பு நரம்புகள், பொடிப் பருக்கள், பூனைமயிர். ட்யூபை நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது, போட்டால் அடங்குகிறது. அடுப்படி வெக்கைக்கே முகத்தில் ஈரத்துணி ஒற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு!

1975-ல் கிளிக்மன் என்ற அமெரிக்க மருத்துவர் மங்குக்காக மூன்று மருந்தைச் சேர்த்து ஒரு கலவை செய்தார். அதில் ஒன்று ஸ்டீராய்டு. மருத்துவர் கண்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் என்று வந்த அந்த மாதிரிக் கலவையை நம் மக்கள் வருடக் கணக்கில் ஸ்நோ மாதிரி பூசுகிறார்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் - ட்யூபைத் திருப்பிப் படியுங்கள், இந்தப் பெயர் இருந்தால் கீழே வையுங்கள். சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. படர்தாமரைக்கு இதைப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உடம்பெங்கும் பரவும்.

அதைவிடக் கொடியது பாதரசம். மெலனின் தயாரிக்கும் நொதிக்குள் செம்பு இருக்கிறது. பாதரசம் அந்தச் செம்பின் வேலையை முடக்கிவிடுகிறது, தோல் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லையே! கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021-லிருந்து, கால் வீங்கி, சிறுநீரில் புரதம் ஒழுகச் சிலர் அடுத்தடுத்து வந்தார்கள். மருத்துவர்கள் ஒரே வகைச் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டார்கள். விசாரித்ததில் பெரும்பாலோர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்! தயாரித்தவர் பெயரும் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவை எவ்வளவு பிரியமானவர் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இந்தச் சிவப்பழகு வெறிக்கு எதிரான குரல் சென்னையிலிருந்து எழுந்தது தெரியுமா? கருப்பும் அழகே என்ற பிரசாரத்தை 2009-ல் தொடங்கியது இங்குள்ள 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு. பின்னர் நடிகை நந்திதா தாஸ் சேர, நாடே பேசியது. 1975-லிருந்து இந்தியக் கடைகளில் இருந்த பிரபல க்ரீம் ஒன்று 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது!

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது. வெளிறிய எல்லாத் திட்டும் தேமல் இல்லை. பஞ்சை வைத்து வருடிப் பாருங்கள். தொடு உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். செங்கல்பட்டிலும் வேலூர் அருகே கரிகிரியிலும் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

அக்காவின் மகளை மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இப்போது மாலையில் இறகுப்பந்து ஆடுகிறாள். பாட்டில் பானம் நின்றுவிட்டது. கழுத்து கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அது எனக்குப் பெரிதில்லை. "எரியுதும்மா" என்ற சத்தம் அந்தப் பின்கட்டில் இப்போது கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் அந்த நார் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளையின் கழுத்துக்கு அது வேண்டாம், பாத்திரம் தேய்க்க எடுத்துப் போடுங்கள். இந்த வாரமே, வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.